பரணில் கிடைத்த தாத்தாவின் மிலிட்டரி துப்பாக்கி! துருவைத் தேய்க்கும் முன் நம்பரைப் பாருங்க

பள்ளிக்கரணை:

பழைய வீட்டை இடிக்கும்போது பரண் மேலே இருந்து என்னென்னவோ இறங்கும். பித்தளை அண்டா, கல்யாணப் பத்திரிகை, அரிக்கேன் விளக்கு. பள்ளிக்கரணையில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது துப்பாக்கி. கோணியில் சுற்றி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். பிரித்தால் செக்கச்செவேல் என்று துரு.

வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ‘‘எங்க தாத்தா இரண்டாம் உலகப் போர்ல பர்மா பக்கம் போனவரு சார். வந்த பிறகு காவல் வேலை பார்த்தாரு. அது அவரு துப்பாக்கின்னு அம்மா சொல்றாங்க. நல்லா பாலீஷ் போட்டு ஹால்ல மாட்டலாம்னு இருக்கேன். தப்பா?’’ என்று நமக்கு போன் செய்து கேட்டார்.

தப்பா என்று கேட்டதே நல்லதாப் போச்சு. போன் செய்யும் முன்பே அவர் ஒரு மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். அவர் தேய்த்த இடத்தில்தான் துப்பாக்கியின் நம்பர் இருந்தது.

இப்படி தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடைத்தால் என்ன செய்வது, அது என்ன வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, துடைக்கலாமா கூடாதா என்று விசாரித்து எழுதச் சொல்லி ஆபீசில் உத்தரவு. விசாரித்ததில் தெரிந்த விஷயங்கள் இதோ.

முதல் வேலை கையை எடுப்பது

துரு பிடித்த துப்பாக்கி வெடிக்காது என்று யாரும் நினைக்கக் கூடாது. உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது, விசையை இழுத்துப் பார்ப்பது, பசங்க கையில் கொடுத்து செல்போனில் போட்டோ எடுப்பது எல்லாம் வேண்டாத வேலை. ஆள் இல்லாத பக்கம் குழாய் நுனி இருக்கிற மாதிரி தரையில் வைத்துவிட்டு அறையைப் பூட்டிவிட வேண்டும்.

கூடவே தோட்டா கிடைத்தால் இன்னும் ஜாக்கிரதை தேவை. பச்சை பூத்துப் போன தோட்டாவை சுத்தியலால் தட்டுவது, அடுப்பில் போடுவது, காயலான் கடைக்கு எடை போடுவது கூடவே கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நம்ம பள்ளிக்கரணைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தீக்குள் தோட்டாவும் கிடந்தால் அங்கே வேலை செய்கிற தொழிலாளி கதி என்ன?

திரீ நாட் திரீயா?

நம்ம ஊர் வீடுகளில் மிலிட்டரி துப்பாக்கி என்று கிடைத்தால் பெரும்பாலும் அது லீ என்ஃபீல்டு குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். சாதாரண ஜனங்க பாஷையில் சொன்னால் திரீ நாட் திரீ. குழாயின் துவாரம் 0.303 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். மில்லிமீட்டரில் 7.7 வரும். பள்ளி, கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் பலர் இதைத் தோளில் சுமந்து பரேடு போயிருப்பார்கள்.

அடையாளம் சுலபம். நீளம் 113 சென்டிமீட்டர், எடை 4 கிலோ அளவில் இருக்கும். குழாயின் நுனி வரைக்கும் மரக்கட்டை மூடியிருக்கும். முன்பக்கம் மூக்கு அறுந்த மாதிரி மொட்டையாக முடியும். வலது பக்கம் உருண்டைக் கைப்பிடி வைத்த போல்ட். அடியில் 10 தோட்டா பிடிக்கிற மேகசின் பெட்டி. தோளில் வைக்கிற கட்டையின் பின்னால் பித்தளைத் தகடு, அதில் தீப்பெட்டி மூடி மாதிரி ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் எண்ணெய் குப்பியும், குழாயைத் துடைக்கிற கயிறும் வைக்க இடம் இருக்கும். இந்த மாடல் 1907-ல் வந்தது. முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர் இரண்டிலும் நம்ம சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போனது இதைத்தான்.

ஜாதகம் எழுதியிருக்கிற இடம் வலது பக்கம், போல்ட் கைப்பிடிக்குக் கீழே, மரக்கட்டை தொடங்கும் இடத்தில் உள்ள இரும்புப் பட்டை. அதில் ஒரு கிரீடம், ராஜாவின் பெயரைக் குறிக்கிற ஜி.ஆர். அல்லது ஜி.ஆர்.ஐ. எழுத்து, தொழிற்சாலை பெயர், வருஷம், மாடல் எண் எல்லாம் முத்திரையாக அடித்திருப்பார்கள். இஷாப்பூர் என்று இருந்தால் அது கொல்கத்தா பக்கத்தில் உள்ள துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ. என்று இருந்தால் இங்கிலாந்து. லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. கிரீடத்துக்குப் பதிலாக அசோகச் சிங்கம் இருந்தால் அது சுதந்திரத்துக்குப் பிறகு செய்த சரக்கு. அதே முகத்தோடு மேகசின் மட்டும் கொஞ்சம் சதுரமாக இருந்தால், சீனப் போருக்குப் பிறகு 1960-களில் இஷாப்பூரில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்த ரைபிள்.

டி.பி. என்று முத்திரை இருந்தால் அது பரேடு பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிய துப்பாக்கி என்று அர்த்தம். அதைச் சுட்டால் சுட்டவன் மூஞ்சியிலேயே வெடிக்கும் ஆபத்து உண்டு.

இன்னொரு வகையும் இருக்கிறது. பார்க்க அச்சு அசல் திரீ நாட் திரீ. ஆனால் குழாய்க்குள் தோட்டாவைச் சுழற்றிவிடுகிற வரிப்பள்ளம் இருக்காது, வழுவழுப்பாக இருக்கும். போலீசுக்கும் காவல் வேலைக்கும் என்று பழைய 303 ரைபிள்களை இஷாப்பூரில் 410 மஸ்கட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். பள்ளிக்கரணை தாத்தாவின் துப்பாக்கி இந்த ஜாதிதான் என்பது பிறகு தெரிந்தது.

போலீசில் 303 ரிட்டயர்டு ஆனது சமீபத்தில்தான். 2008-ல் மும்பை தாக்குதல் நடந்தபோது ரயில் நிலையத்தில் காவலுக்கு நின்ற போலீசார் கையில் இருந்தது இந்தப் பழைய ரைபிள்தான் என்று நாடே பேசியது. உத்தரப் பிரதேச போலீசார் 2020 குடியரசு தின அணிவகுப்பில் தான் இதற்குப் பிரியாவிடை கொடுத்தார்கள்.

கம்பெனிக்காரன் காலத்துச் சரக்கு

இதைவிடப் பழசும் கிடைப்பது உண்டு. வெளியில் சுத்தி மாதிரி தட்டுகிற பாகம், குழாய்க்கு அடியில் நீளமான கம்பி இருந்தால் அது வாய் வழியாக மருந்து இடித்துச் சுடும் ரகம். பக்கவாட்டுத் தகட்டில் கிரீடத்தைத் தூக்கிப் பிடித்த சிங்கம் இருந்தால் கிழக்கிந்திய கம்பெனி முத்திரை. 1857 சிப்பாய் கலகத்துக்குக் காரணமான கொழுப்பு தடவிய தோட்டா 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்ததுதான். விசைக்குக் கீழே பெரிய நெம்புகோல் தொங்கினால் 1871-ல் வந்த மார்ட்டினி ஹென்றியாக இருக்கலாம்.

எழுத்து திருப்பிப் போட்ட மாதிரி, எழுத்துப்பிழையோடு முத்திரை இருந்தால் அது டூப்ளிகேட். கைபர் கணவாய்ப் பக்கம் பட்டறைகளில் ஆங்கிலம் தெரியாத கொல்லர்கள் பார்த்துப் பார்த்து அடித்தது. அங்கே அது பெரிய குடிசைத் தொழில்.

ஒரிஜினலைப் பார்த்து ஒப்பிட ஆசைப்படுபவர்கள் கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போகலாம். எழும்பூர் மியூசியத்திலும் ஆயுதப் பிரிவு இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்து வந்த சாமான்கள் அங்கே உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் எழும்பூருக்குப் போகாதீங்க, லீவு.

நம்பர் போனால் வம்பு

இப்போது பள்ளிக்கரணைக்காரர் உப்புத்தாள் போட்ட விஷயத்துக்கு வருவோம்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், துப்பாக்கியில் உள்ள பெயர், நம்பர், அடையாளக் குறி எதையும் யாரும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. நம்பர் இல்லாத துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவர்தான் அதை அழித்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். ‘‘துரு எடுக்கத்தான் தேய்ச்சேன்’’ என்று கோர்ட்டில் நின்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த நம்பர் இருந்தால்தான் தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்ததா, இல்லை அது எங்கேயாவது காணாமல் போன சர்க்கார் துப்பாக்கியா என்று தேட முடியும். பட்டாளத்தில் கொடுக்கிற ரைபிள் சர்க்கார் சொத்து. ரிட்டயர்டு ஆகும்போது வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆக, மிலிட்டரி துப்பாக்கி ஒரு வீட்டில் இருந்தால் அது எப்படி வந்தது என்ற கேள்வி கண்டிப்பாக வரும். பதில் நம்பரில்தான் இருக்கிறது.

நல்ல வேளையாக லீ என்ஃபீல்டில் நம்பர் ஒரே இடத்தில் இருக்காது. முன்பக்க இரும்புக் கூட்டில், குழாயில், போல்ட் கைப்பிடியின் பின்பக்கம், மூக்குப் பகுதியில் என்று பல இடங்களில் அதே நம்பரை அடித்திருப்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் உதிரி பாகம் மாற்றாத துப்பாக்கி என்று தெரிந்துகொள்ளலாம்.

உப்புத்தாளை நிறுத்தச் சொன்னது ஒரு லேத் பட்டறைக்காரர். போல்ட் இறுகிப்போய் அசையவில்லை என்று நம்மவர் தகவல் சொல்லிக் கேட்டிருக்கிறார். ‘‘தம்பி, அதை இங்க எடுத்துட்டு வந்துடாத. நான் கை வச்சா நீயும் உள்ள, நானும் உள்ள. முதல்ல வக்கீலைப் பாரு’’ என்று அவர் சொன்னாராம். அவர் சொன்னதில் தப்பே இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை ரிப்பேர் செய்வது 5-வது பிரிவில் குற்றம். வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை வைத்திருக்கிற அண்ணன்மார் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். பழைய பொருள்தானே என்று நட்புக்காகச் செய்துகொடுத்தாலும் மாட்டிக்கொள்வது அவர்கள்தான்.

பழசுக்கு விலக்கு உண்டா?

உண்டு. ஆனால் பலரும் நினைக்கிற மாதிரி இல்லை. ‘நூறு வருஷம் ஆச்சு, ஆன்டிக், லைசென்ஸ் தேவையில்லை’ என்று டீக்கடையில் சொல்வார்கள். சட்டத்தின் 45-வது பிரிவு சொல்வது வேறு. வழக்கொழிந்த மாடல், பழம்பொருள் மதிப்புள்ளது அல்லது கெட்டுப்போனது என்று இருக்க வேண்டும். அதோடு ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். ‘ரிப்பேர் செய்தாலும்’ என்ற வார்த்தையில்தான் எல்லாரும் கவிழ்கிறார்கள். துரு எடுத்து எண்ணெய் விட்டால் சுடும் என்ற நிலையில் உள்ள துப்பாக்கிக்கு இந்த விலக்கு கிடைக்காது. வழக்கு என்று வந்தால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது தடய அறிவியல் நிபுணர். வீட்டுக்காரர் சொன்னால் எடுபடாது.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து சிக்கினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில், அபராதம் தனி. முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. தானியங்கி ரகம் போன்ற தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் 7 ஆண்டில் இருந்து 14 ஆண்டு வரை. தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் லைசென்ஸ் வேண்டும்.

303-க்கும், 410 மஸ்கட்டுக்கும் இன்னொரு சிக்கல் உள்ளது. ராணுவமும் போலீசும் பயன்படுத்துகிற தோட்டா போடக்கூடியவை என்பதால் சாதாரண இரட்டைக்குழல் துப்பாக்கி மாதிரி இதற்கு உள்ளூரில் லைசென்ஸ் வாங்க முடியாது. டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும்.

இந்தக் கெடுபிடி இன்று நேற்று வந்ததல்ல. 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டத்தில் இந்தியர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும், வெள்ளைக்காரர்களுக்குத் தேவையில்லை என்று இருந்தது. 1887-ல் நம்ம சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிலேயே அதை எதிர்த்துக் காரசாரமாகப் பேசியிருக்கிறார்கள்.

வாரிசுக்கு வழி என்ன?

தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ லைசென்ஸ் இருந்தது என்றால் பயப்படத் தேவையில்லை. ஆனால் அவர் கண்ணை மூடியதும் அந்த லைசென்சும் முடிந்துவிட்டது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பீரோ மாதிரி, சைக்கிள் மாதிரி தானாகக் கைமாறாது. காலதாமதம் இல்லாமல் அருகில் உள்ள போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம் வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு போடலாம், இல்லையென்றால் லைசென்ஸ் உள்ளவருக்கு விற்றுவிடலாம். 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆனாலோ அல்லது துப்பாக்கி வாங்கி 25 வருஷம் ஆனாலோ வாரிசுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே இதை முடித்துவைப்பது புத்திசாலித்தனம்.

இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம், மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது, டாக்டர் சர்டிபிகேட், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்து என்றாலும் அதே கணக்குதான். ஒப்படைத்துவிட்டு அப்படியே மறந்துபோனால், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அரசாங்கமே பறிமுதல் செய்துகொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது.

யாரிடம் மனு போடுவது? நம்ம பகுதிக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. பள்ளிக்கரணையில் குப்பை அள்ளுவது சென்னை மாநகராட்சி. போலீஸ் மட்டும் 2022-ல் இருந்து தாம்பரம் கமிஷனரேட். துப்பாக்கி லைசென்ஸ் போலீஸ் கமிஷனர் கையில் இருப்பதால் தாம்பரம் கமிஷனர் அலுவலகம்தான் போக வேண்டும். கமிஷனரேட் இல்லாத மாவட்டங்களில் கலெக்டர்.

லைசென்ஸ் இருந்த தடயமே இல்லை என்றால்? துப்பாக்கியை பைக்கில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வழியில் வாகனச் சோதனையில் சிக்கினால் கதையே மாறிவிடும். முதலில் ஒரு வக்கீலிடம் பேசி, எப்போது, எங்கே, எப்படிக் கிடைத்தது என்று எழுதி, போலீசுக்குத் தகவல் கொடுத்து அவர்களை வரவழைப்பதுதான் சரி. மனுவுக்கு ஒப்புகை வாங்க மறக்கக் கூடாது. வழக்கே வராது என்று யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. ஆனால் தானாகச் சொன்னவனுக்கும் ஒளித்துவைத்து மாட்டினவனுக்கும் வித்தியாசம் உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

புளி போடாதீங்க

லைசென்ஸ் வந்து, அல்லது விலக்கு கிடைத்து, துப்பாக்கி முறைப்படி உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் எப்படித் துடைப்பது?

நம்ம வீட்டுப் பெண்கள் பித்தளை என்றால் உடனே புளியை எடுப்பார்கள். குத்துவிளக்குக்கு சரி. துப்பாக்கியில் பித்தளைக்குப் பக்கத்திலேயே இரும்பு இருக்கிறது. புளிக்காடி இரும்பில் இறங்கினால் புதுசாகத் துரு பிடிக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். உப்புத்தாள், கிரைண்டிங் வீல், பஃபிங் மெஷின் பக்கமே போகக் கூடாது. கறுப்பும் பழுப்புமாகப் படிந்திருப்பது அழுக்கு இல்லை, அது வயசு. சேகரிப்பவர்கள் அதற்குத்தான் விலை கொடுப்பார்கள். பளபளவென்று ஆக்கினால் மதிப்பு போச்சு.

எடுக்க வேண்டியது செந்துரு மட்டும். துப்பாக்கி எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ தடவி ஒரு நாள் ஊறவிட்டு, முரட்டுத் துணியால் துடைக்க வேண்டும். போகாத இடத்தில் ரொம்ப மெல்லிய இரும்புப் பஞ்சை எண்ணெயில் நனைத்து லேசாக, முத்திரை இருக்கும் இடத்தைத் தொடாமல் தேய்க்கலாம். மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் கொஞ்சமாக எடுத்து உள்ளங்கையால் தேய்த்தால் போதும். வார்னிஷ் அடிப்பது பாவம். தோல் உறையில் போட்டு வைக்கக் கூடாது, ஈரத்தைப் பிடித்துவைக்கும். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது முக்கியம்.

குழாய்க்குள் ஏன் இவ்வளவு துரு என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காலத் தோட்டாவின் பின்பக்கக் கேப்பில் இருந்த ரசாயனம் வெடித்ததும் உப்பு மாதிரி படியும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் மட்டும் போட்டால் அந்த உப்பு போகாது. அதனால்தான் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழாயில் ஊற்றுவார்கள், பிறகு கயிற்றில் துணி கட்டி இழுத்து, கடைசியாக எண்ணெய். இறுகிய போல்டைக் கழற்றுவதும், குழாய்க்குள் கை வைப்பதும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் வேலை.

துப்பாக்கியைக் குடும்பத்தில் ஒருவராகப் பார்க்கிறவர்கள் பக்கத்து மாநிலத்தில் குடகு மக்கள்தான். அவர்களுக்கு லைசென்ஸ் எடுப்பதில் இருந்தே விலக்கு இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பர் மாதம் கைல்பொல்து பண்டிகையில் துப்பாக்கியைத் துடைத்து வரிசையாக வைத்து, குழாய் நுனியில் ஒரு பூ செருகி கும்பிடுவார்கள். அவர்கள் பாஷையில் அது துப்பாக்கிப் பூ. வேறு ஒன்றும் இல்லை, நம்ம தமிழ்நாட்டு மாநில மலரான செங்காந்தள்தான்!

மெக்கானிக் வீட்டில் என்ன நடந்தது?

வக்கீல் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். போலீசார் வீட்டுக்கு வந்தார்கள். கூட வந்த ஆயுதப் பிரிவுக்காரர் போல்டை மெதுவாகத் தளர்த்திப் பார்த்தார். உள்ளே தோட்டா இல்லை. முன்பக்க நம்பரில் பாதி, உப்புத்தாள் புண்ணியத்தில் போயிருந்தது. போல்ட் கைப்பிடியின் பின்னால் முழு நம்பரும் அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி வீடே டிரங்குப் பெட்டிகளைக் குடைந்தது. ரேஷன் கார்டுகளுக்கு நடுவில் தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. கரையான் அரித்ததில் பாதி எழுத்து இல்லை. மஸ்கட் என்ற வார்த்தையும் நம்பரும் தப்பியிருந்தன. போல்டில் இருந்த அதே நம்பர்.

துப்பாக்கி இப்போது போலீஸ் காவலில் இருக்கிறது. ரசீது கையில் இருக்கிறது. மனு மேலே போயிருக்கிறது. ஹாலில் மாட்ட முடியுமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. மெக்கானிக்கின் அம்மாவுக்கு வேறு கவலை.

‘‘மாமா இருந்தவரைக்கும் ஆயுத பூஜைக்கு அதுக்குப் பொட்டு வைப்பாருடா. ஸ்டேஷன்லயும் பூஜை போடுவாங்கல்ல, நம்மளுதுக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைக்கச் சொல்லுவியா?’’ என்று மகனிடம் கேட்டிருக்கிறார்.

ஈரச் சந்தனம் துரு பிடிக்கும்மா என்று மகன் சொல்லிக்கொண்டிருக்கிறார்.